விவால்டியின் ‘இரவு’: இசையும் குறிப்பும்

மேலைச் செவ்வியல் இசை குறித்துத் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இசையமைப்பாளரின் வாழ்க்கை வரலாறாகவோ கலைச்சொல் விளக்கமாகவோ அமைந்துவிடுகின்றன. ஒரு தனிப் படைப்பை எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு கட்டமைக்கப்பட்டுள்ளது, எவ்விடத்தில் வெற்றி பெறுகின்றது, எவ்விடத்தில் தளர்கின்றது என்று ஆராயும் திறனாய்வு நம்மிடையே குறைவு. இலக்கியத் திறனாய்வில் பயிற்சி பெற்ற நமக்கு அது இயலாத ஒன்றன்று. அத்தகைய ஒரு முயற்சியாகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது, வெனிஸ் நகரத்து அந்தோனியோ விவால்டி (1678–1741) தனிக்குழலுக்கும் நரம்புக் கருவிகளுக்கும் இயற்றிய ‘லா நோத்தே’ எனும் கான்செர்ட்டோ ஆகும். இத்தாலிய மொழியில் ‘இரவு’ என்பது அதன் பொருள். விவால்டியின் படைப்புகளை வரிசைப்படுத்திய பீட்டர் ரியோமின் அட்டவணையில் இது ஆர்.வி. 439 என்னும் எண்ணைப் பெற்றுள்ளது. சுருதி ஜி மைனர்.

இப்படைப்பைக் கேட்போர் பொதுவாக இதனை ஓர் இரவின் கதையாகவே கொள்கின்றனர். இருள் கவிகின்றது, பேயுருக்கள் உலவுகின்றன, உறக்கம் வருகின்றது, இறுதியில் பொழுது புலர்கின்றது. இவற்றுள் முதல் மூன்றனுக்கும் இசையமைப்பாளரே இட்ட தலைப்புகள் சான்றாக உள்ளன. நான்காவதற்கு எச்சான்றும் இல்லை. இந்தச் சிறு இடைவெளியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். தலைப்பு ஒன்று கொடுக்கப்பட்டவுடன் அதன் வழியே கதையை நிரப்பிக்கொள்ளும் பழக்கம், கவிதை கற்பிக்கும் நம் வகுப்பறைகளிலும் உண்டு. அப்பழக்கம் இப்படைப்பில் உள்ள மிக அரிய ஒன்றைக் கேட்கவிடாமல் செய்துவிடுகின்றது என்பது என் கருத்து.

வடிவமும் எதிர்பார்ப்பும்

கான்செர்ட்டோ என்பது ஒரு தனிக்கருவியையும் ஒரு கருவிக் குழுவையும் எதிரெதிரே நிறுத்தும் வடிவம். விவால்டியின் காலத்தில், பெருமளவு அவருடைய முயற்சியாலேயே, அது மூன்று பகுதிகளைக் கொண்டதாக நிலைபெற்றது: விரைவு, மெது, மீண்டும் விரைவு. விரைவுப் பகுதிகளில் குழு முழுவதும் சேர்ந்து வாசிக்கும் ஒரு சொற்றொடர் தொடக்கத்தில் வந்து, இடையிடையே வெவ்வேறு சுருதிகளில் திரும்பத் திரும்ப ஒலிக்கும். இதனை ரிட்டோர்னெல்லோ என்பர். ‘திரும்பி வருவது’ என்பதே அச்சொல்லின் அடிப்படை. நம் கீர்த்தனையில் பல்லவி மீண்டும் மீண்டும் வருவதை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். ஆயினும் பல்லவி பாடகருக்கே உரியது, ரிட்டோர்னெல்லோவோ குழுவுக்கு உரியது. ஒரு ரிட்டோர்னெல்லோவுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள வெளியில் தனிக்கருவி தன் திறனைக் காட்டும். ஆகவே கான்செர்ட்டோ என்று பெயரிடப்பட்ட ஒன்றைக் கேட்க அமர்பவர், தனிக்கருவி வாசிப்பவர் எப்பொழுது முன்வருவார் என்றே காத்திருப்பார்.

விவால்டி இவ்வடிவத்தில் நூற்றுக்கணக்கான படைப்புகளை இயற்றினார். ஒரே படைப்பைப் பலமுறை எழுதியவர் என்ற ஏளனமும் அவருக்கு வாய்த்தது. அவருடைய சில கான்செர்ட்டோக்களைத் தொடர்ந்து கேட்பவர் அவ்வேளனத்தில் சிறிது உண்மை இருப்பதாகவே உணர்வார். ஆனால் ‘இரவு’ அவ்வேளனத்துக்கு இடந்தரும் படைப்பன்று. மூன்று பகுதிகளுக்கு மாறாக இதில் ஆறு பகுதிகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை மிகச் சிறியவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நழுவிச் செல்பவை. ரிட்டோர்னெல்லோ எனும் தூண் ஏறத்தாழ அகற்றப்பட்டுவிட்டது. தூணை அகற்றிய பின்னும் கூரை நிற்கின்றதா என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி.

தொகுதியின் பின்னணி

‘இரவு’, விவால்டியின் பத்தாம் வெளியீட்டுத் தொகுதியில் இரண்டாவதாக இடம்பெற்றுள்ளது. ஆறு கான்செர்ட்டோக்களைக் கொண்ட அத்தொகுதியை ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் மிஷெல்-ஷார்ல் ல சென் 1729ஆம் ஆண்டையொட்டி வெளியிட்டார். ‘நான்கு பருவங்கள்’ இடம்பெற்ற எட்டாம் தொகுதியை 1725இல் வெளியிட்டவரும் அவரே. குறுக்காகப் பிடித்து ஊதும் குழலுக்கென்று கான்செர்ட்டோத் தொகுதி ஒன்று அச்சேறியது அக்காலத்தில் புதுமையான செயல். இத்தாலியில் ‘ஃப்ளௌட்டோ’ என்று மட்டும் சொன்னால் நேராகப் பிடித்து ஊதும் ரெக்கார்டர் கருவியையே குறிக்கும். குறுக்குக் குழலைச் சொல்ல ‘திராவெர்ஸோ’ என்னும் அடையைச் சேர்த்தாக வேண்டும். நம் புல்லாங்குழல் குறுக்காகப் பிடிக்கப்படுவதே ஆதலால் நமக்கு இத்தொல்லை இல்லை. வட ஐரோப்பாவில் வசதி படைத்தோர் இல்லங்களில் குறுக்குக் குழல் வாசிப்பது அப்பொழுது பெருவழக்காகப் பரவிக்கொண்டிருந்தது. அச்சந்தையைக் கருதியே தொகுதி திட்டமிடப்பட்டது எனலாம்.

வாய்ப்பு வந்தபொழுது விவால்டி புதிதாக அதிகம் எழுதவில்லை. ஆறனுள் ஐந்து, முன்பே எழுதப்பட்டவற்றின் மறுவடிவங்கள். நான்காவது மட்டுமே முன்வடிவம் அறியப்படாதது. இயற்றியவரின் சோம்பல் என்று இதனை ஒதுக்குவது எளிது. ஆயினும் நமக்கு இது பெரிய நன்மையைத் தந்துள்ளது. ‘இரவு’ படைப்பின் முன்வடிவமான ஆர்.வி. 104 கையெழுத்துப் படியாகத் தூரின் நகரத் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. 1926ஆம் ஆண்டில் ஒரு கிறித்தவத் துறவியர் இல்லத்திலிருந்து வெளிப்பட்ட பெருந்தொகை, பின்னர் அதன் மற்றொரு பாதியுடன் 1930இல் ஒன்றிணைந்தது. அதன்வழியே இத்தகைய படிகள் ஆய்வுலகின் கைக்கு எட்டின. ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த நூல்களின் வரலாற்றைக் கற்பிக்கும் நமக்கு, அச்சுப் படிவத்தை மட்டும் வைத்து ஒரு படைப்பை மதிப்பிடுவதன் இடர்ப்பாடு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இசையும் குறிப்பும்

பத்தாம் தொகுதியில் மூன்று படைப்புகளுக்குத் தலைப்பு உண்டு. முதலாவது ‘கடற்புயல்’ (ஆர்.வி. 433), இரண்டாவது ‘இரவு’, மூன்றாவது ‘இல் கார்தெல்லினோ’ (ஆர்.வி. 428). கடைசித் தலைப்பு, கோல்ட்ஃபிஞ்ச் எனும் சிறு பாடும் பறவையைக் குறிப்பது. இம்மூன்றையும் ‘வருணனை இசை’ என்னும் ஒரே பெட்டிக்குள் அடைப்பது வழக்கம். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியல், உரிச்சொற்களை இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றன் அடிப்படையில் விளக்குகின்றது. செவிக்குப் புலனாகும் ஒலி இசை. மனத்தால் குறித்து உணரப்படுவது குறிப்பு என்று உரைமரபு அவற்றைப் பிரித்துக் காட்டும். வெனிஸ் இசைக்கும் தமிழ் இலக்கணத்துக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை; அதனை நான் கூறவும் வரவில்லை. ஆனால் ஐரோப்பியத் திறனாய்வில் ‘போலச் செய்தல்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டு வந்த இரு வேறு செயல்களை இப்பாகுபாடு தெளிவாகப் பிரித்துக் காண உதவுகின்றது.

பறவை ஒலி எழுப்பும். குழல் அவ்வொலியைத் திரும்பச் சொல்லலாம். ‘இல் கார்தெல்லினோ’வில் ஒரே சுரம் விரைந்து மீள மீள ஒலிப்பதும், இரு சுரங்கள் நடுங்கி இழைவதும், குழு ஒதுங்கி நிற்கக் குழல் தனியே கூவுவதும் இரட்டைக்கிளவி போன்றவை. கேட்டவுடன் சிறுவரும் பறவை என்பர். புயலும் அவ்வாறே, அதற்கு இரைச்சல் உண்டு, அலை ஏறி இறங்கும் அசைவு உண்டு. இவை இசையின்பாற்பட்டவை. இரவுக்கு ஒலி ஏது? சில் வண்டையும் நாயையும் வைத்து இரவைக் காட்ட விவால்டி முயன்றிருக்கலாம். ‘வசந்தம்’ கான்செர்ட்டோவின் மெதுப் பகுதியில், உறங்கும் ஆயனின் அருகே குரைக்கும் நாயை வியோலாக் கருவியால் காட்டியவர் அவர். ‘இரவு’ படைப்பில் அவர் அதனைச் செய்யவில்லை. இருள், அச்சம், உறக்கம் என்று ஒலியற்ற மூன்றை எடுத்துக்கொண்டார். அதனால் பறவையும் புயலும் கான்செர்ட்டோவின் வழக்கமான மூன்று பகுதிகளுக்குள் அடங்கிவிட்டன. இரவு மட்டும் அடங்கவில்லை. ஒலியைப் போலச் செய்வதற்கு வடிவத்தை உடைக்க வேண்டிய தேவை இல்லை. குறிப்பை உணர்த்துவதற்கு வடிவமே பேச வேண்டியிருந்தது.

ஆறு பகுதிகள்

முதற்பகுதி லார்கோ. கான்செர்ட்டோ ஒன்று மெதுவான பகுதியோடு தொடங்குவதே எதிர்பார்ப்பைக் குலைக்கும் செயல். நெடில், குறில் என்று தயங்கித் தயங்கி நகரும் புள்ளியிட்ட தாளக்கட்டில் குழு நடக்கின்றது. குழல் தனியே பிரிந்து நிற்காமல் குழுவோடு சேர்ந்தே நுழைகின்றது. இது கவனிக்கத்தக்கது. பின்னர் வரும் நீண்ட சுர நடுக்கங்களும்கூடத் திறன் காட்டுவனவாக ஒலிப்பதில்லை. பறவைக் கான்செர்ட்டோவில் அதே நுட்பம் கூவலாக ஒலித்தது. இங்கே தாழ்ந்த நடையின்மேல் அமர்ந்து குளிர் நடுக்கமாக ஒலிக்கின்றது. ஒரே உத்தி இருவேறு படைப்புகளில் இருவேறு குறிப்பைப் பெறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அடுத்து ‘ஃபந்தாஸ்மி’, பேயுருக்கள். பிரெஸ்டோ என்னும் மிகு விரைவு. விரைந்தோடும் சுர அலைகள் எழுகின்றன. எழுந்த வேகத்தில் மறைகின்றன. எதுவும் நிலைத்து ஒரு பண்ணாக உருக்கொள்வதில்லை. அச்சம் பற்றிய பகுதி இது. ஆயினும் என்னை இது அச்சுறுத்தியதில்லை. வெனிஸ் நகரத்து இசை நாடக அரங்கில் ஆவிகள் தோன்றும் காட்சிகளுக்கு வழக்கமாக இருந்த இசைமொழியின் சாயல் இதில் உண்டு. விவால்டி தாமே இசை நாடகங்கள் பல இயற்றி அரங்கேற்றியவர். அரங்கத்தில் பழகிய ஒன்றை அரங்கமின்றிக் கேட்கும்பொழுது அதன் கூர்மை சற்றுக் குறைகின்றது.

இதனையடுத்து ஒரு லார்கோவும் மற்றொரு பிரெஸ்டோவும் வருகின்றன. லார்கோ சுருக்கமும் அமைதியும் உடையது. இரண்டாம் பிரெஸ்டோவை இப்படைப்பின் தளர்ந்த இடமாகவே கருதுகின்றேன். முதற் பிரெஸ்டோ செய்ததற்கு மேல் அது புதிதாக எதனையும் சேர்க்கவில்லை. அடுத்து வரும் உறக்கத்துக்கு முன்னர் ஒரு கிளர்ச்சி தேவைப்பட்டது என்னும் காரணத்தைத் தவிர, அது அங்கே இருப்பதற்கு வேறு காரணம் புலப்படவில்லை. ஐந்தாவது ‘இல் சொன்னோ’, உறக்கம். ஆறாவது தலைப்பில்லாத அல்லெக்ரோ. இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

உறக்கம்

‘இல் சொன்னோ’ தொடங்கும்பொழுது நரம்புக் கருவிகள் ஒலியடக்கிகளைப் பொருத்திக்கொள்கின்றன. வயலினின் பாலத்தின்மேல் செருகப்படும் சிறு கவ்விதான் அது. ஒலியின் ஓசைமிகு விளிம்பை அகற்றி உட்குரலை மட்டும் விட்டுவைக்கும். அனைத்துக் கருவிகளும் நெடுஞ்சுரங்களை மிக மெதுவாகத் தாங்கி நிற்கின்றன. அசைவு என்று சொல்லத்தக்கது ஒன்றே: ஒரு குரல் முன்னைய இசைவிலிருந்து விலக மறுத்துத் தங்கிவிடுகின்றது, மற்றவை நகர்ந்துவிட்டதால் அது இப்பொழுது முரண்படுகின்றது, பின்னர் ஒரு படி இறங்கி இணங்குகின்றது. அதற்குள் வேறொரு குரல் தங்கிவிடுகின்றது. மூச்சு இழுத்து விடுவதைப் போன்ற இந்த ஒரே செயல் பகுதி முழுவதும் தொடர்கின்றது. குழலுக்கு என்ன பங்கு? அதற்கும் நெடுஞ்சுரங்களே. பண் இல்லை, அலங்காரம் இல்லை, முன்வருதல் இல்லை. தனிக்கருவிக்காக எழுதப்பட்ட படைப்பின் மையத்தில் தனிக்கருவி குழுவினுள் அமிழ்ந்துவிடுகின்றது.

உறக்கத்தை இசையாக்கும் மரபு விவால்டிக்கு முன்பே உண்டு. பிரெஞ்சு அரங்கில் லூலி 1676இல் இயற்றிய ‘அத்தீஸ்’ இசை நாடகத்தின் உறக்கக் காட்சி பெரும்புகழ் பெற்றது. அங்கு உறங்குபவர் ஒருவர் மேடையில் இருந்தார். உறக்கத்தைத் தருபவை பாத்திரங்களாக வந்து பாடின. விவால்டியிடம் மேடையும் இல்லை, பாத்திரமும் இல்லை. உறங்குவது யார் என்ற கேள்விக்கு இசை தரும் விடை, குழல்தான் என்பதாகவே எனக்குப் படுகின்றது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்படும். ‘நான்கு பருவங்கள்’ தொகுப்பின் மூன்றாம் கான்செர்ட்டோவான ‘இலையுதிர்காலம்’ படைப்பின் மெதுப் பகுதியில், ஏறத்தாழ இதே இசைவுத் தொடரை விவால்டி பயன்படுத்தியுள்ளார். அங்கும் ஒலியடக்கிகள், அங்கும் நெடுஞ்சுரங்கள். ஆனால் அத்தொகுப்பின் ஒவ்வொரு கான்செர்ட்டோவுக்கும் பதினான்கடிக் கவிதை ஒன்று உடன் அச்சிடப்பட்டது. கவிதையின்படி, அறுவடை விழாவில் ஆடியும் குடித்தும் களைத்த உழவர்கள் ஆட்டத்தை விட்டு உறங்குகின்றனர். இசைப்படியிலும் அப்பகுதிக்குக் குடித்து உறங்குவோர் என்ற குறிப்பு உள்ளது. கேட்பவரின் கண்முன் நாட்டுப்புறக் காட்சி ஒன்று எழுகின்றது. சற்றே புன்னகைக்கவும் தோன்றுகின்றது. மேலும் அங்கு ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் இசைவுகளை உடைத்துச் சிதறி வாசிக்குமாறு பணிக்கப்படுகின்றார். அச்சிதறல் உறக்கத்தின்மேல் மெல்லொளி போலப் படர்கின்றது.

அதே இசை ‘இரவு’ படைப்பில் கவிதையின்றி, ஆளின்றி, இடமின்றி ஒற்றைச் சொல்லோடு நிற்கின்றது. அங்கே குடியின் மயக்கம். இங்கே பேயுருக்களைக் கடந்து வந்தவரின் உறக்கம், அல்லது உறக்கமா வேறொன்றா என்று ஐயுறத்தக்க ஒன்று. ஒரே இசைவுத் தொடர் இரு பொருள் தருமாயின், பொருள் முழுவதும் தலைப்பில்தான் உள்ளது என்று சிலர் முடிவுகட்டுவர். அம்முடிவு அவசரமானது. இரண்டிடத்திலும் மாறாது நிற்பது ஒன்று உண்டு: தனிக்கருவி செயலிழத்தல். ‘இலையுதிர்கால’த்தில் அது ஒரு நகைச்சுவைக் காட்சியின் பகுதியாகிவிட்டதால் நாம் அதனைக் கவனிப்பதில்லை. கவிதையை எடுத்துவிட்ட ‘இரவு’ படைப்பில்தான் அது தெரியவருகின்றது. விரிவான விளக்கம் இசையைச் சுருக்கிவிடுவதற்கும், ஒற்றைச் சொல் அதனைத் திறந்துவிடுவதற்கும் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

குழலின் உடல்

முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக ஐரோப்பாவில் இருந்த ஆண்டுகளில், ஒரு சிறிய தேவாலயத்தில் இப்படைப்பை முதன்முறையாக நேரில் கேட்டேன். பழைய முறையில் செய்யப்பட்ட மரக்குழல். ‘இல் சொன்னோ’ வந்தபொழுது குழல் எனக்குக் கேட்கவில்லை. வாசிப்பவர் உதட்டருகே குழல் இருந்தது, விரல்கள் மூடியிருந்தன, ஒலி எங்கிருந்து வருகின்றது என்று பிரித்தறிய முடியவில்லை. கட்டட அமைப்பின் குறை என்று எண்ணி, உடன் வந்த நண்பரிடம் அதனைச் சொல்லவும் செய்தேன். பல ஆண்டுகள் கழித்து இசைப்படியைப் பார்த்தபொழுதுதான், அன்று கேட்காமல் போனது கட்டடத்தின் குறையன்று என விளங்கியது.

விவால்டி காலத்துக் குறுக்குக் குழல் பாக்ஸ்வுட் போன்ற கடினமரத்தாலோ தந்தத்தாலோ செய்யப்பட்டது. ஆறு விரல்துளைகளும் ஒரே ஒரு சாவியும் கொண்டது. அதன் இயல்பான சுருதி டி மேஜர். அச்சுருதியின் சுரங்கள் துளைகளை வரிசையாகத் திறந்தால் பெரும்பாலும் தெளிவாக வரும். பிற சுரங்களுக்கு, ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழுள்ளவற்றை மூட வேண்டும். அவ்வாறு பிறக்கும் சுரங்கள் மங்கலானவை, திரை மூடியவை. டி மேஜரில் அமைந்த பறவைக் கான்செர்ட்டோ ஒளிர்வதற்கும் ஜி மைனரில் அமைந்த ‘இரவு’ மங்குவதற்கும் இது முக்கியக் காரணம். ஜி மைனருக்கு இன்றியமையாத பி-ஃபிளாட் இக்குழலில் மங்கல் சுரம். நம் வேணுவில் துளையைப் பாதி மூடி இழைத்துப் பெறும் சுரங்களின் மென்மையை அறிந்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். எனவே இருள் என்பது சுருதித் தேர்விலேயே, வாசிப்பவரின் விரல்களிலேயே தொடங்கிவிடுகின்றது.

1847இல் தியோபால்டு பேம் உருவாக்கிய உலோகக் குழலும் அதன் சாவி அமைப்பும் இந்த ஏற்றத்தாழ்வைப் போக்கின. எல்லாச் சுருதியிலும் எல்லாச் சுரமும் ஒரே வலிமையோடு ஒலிக்கத் தொடங்கின. அம்முன்னேற்றத்தால் பயன்பெற்ற படைப்புகள் ஏராளம். ‘இரவு’ இழந்தது. செவெரினோ கட்ஸெலோனி, ‘இ மூசிச்சி’ குழுவினரோடு செய்த ஒலிப்பதிவு நான் மதிப்பது. குழலின் ஒவ்வொரு சுரமும் அதில் உருண்டு திரண்டு வருகின்றது. அதுவே ‘இல் சொன்னோ’வில் இடையூறாகின்றது. ஒலியடக்கிய வயலின்களின்மேல் உலோகக் குழல் ஒரு விளக்குப்போல் எரிகின்றது. உறங்க வேண்டியவர் விழித்தே இருக்கின்றார். டிரெவர் பின்னக் நெறியாளுகையில் ‘தி இங்கிலிஷ் கன்செர்ட்’ குழுவினரோடு லீசா பெஸ்னோசியுக் மரக்குழலில் வாசித்த பதிவில், குழல் எங்கே முடிகின்றது வயலின் எங்கே தொடங்குகின்றது என்பது தெளிவற்றுப் போகின்றது. அத்தெளிவின்மையே இங்கு வேண்டப்படுவது. பழைய கருவியில் வாசித்தால் மட்டுமே உண்மை என்னும் கொள்கை எனக்கு உடன்பாடன்று. உலோகக் குழலிலும் தன்னை அடக்கிக்கொள்ளும் கலைஞர் இதனைச் செய்ய முடியும். ஆனால் அவர் கருவியின் இயல்புக்கு எதிராக நின்று செய்ய வேண்டும்.

முன்வடிவமான ஆர்.வி. 104 இதற்கு மற்றொரு வெளிச்சம் தருகின்றது. அது குழல், இரு வயலின்கள், பசூன், தாழ்சுரத் துணை ஆகியவற்றுக்கு மட்டும் எழுதப்பட்டது. குழு என்று தனியே ஒன்று இல்லை. அனைவரும் சேர்ந்து வாசித்தால் அதுவே குழு. குழலுக்கு மாற்றாக வயலின் வாசிக்கவும் அதில் இசைவு தரப்பட்டுள்ளது. அச்சுக்கு வந்தபொழுது பசூன் நீங்கியது, வியோலா சேர்ந்தது, நரம்புக் கருவிகள் முழுக்குழுவாயின. பசூனின் கரகரத்த அடிக்குரல் போனது பேயுருக்களுக்கு இழப்பு என்றே சொல்வேன். உறக்கத்துக்கோ அது ஆக்கம். சமமான சிலருள் ஒருவராக இருந்தவர் ஒதுங்குவதைவிட, ஒரு பெருங்குழுவின் முன் தனியராக நிறுத்தப்பட்டவர் ஒதுங்குவது அழுத்தமானது. கான்செர்ட்டோ என்னும் எதிர்பார்ப்பு முழுமையாக எழுப்பப்பட்ட பின்னரே அதனை மறுப்பதற்குப் பொருள் உண்டு.

விடியாத இரவு

இனி இறுதி அல்லெக்ரோ. கேட்பவர் பழகிய கான்செர்ட்டோவின் நடை ஓரளவு இங்கேதான் தலைகாட்டுகின்றது. வேகம் வருகின்றது, குழல் மீண்டும் ஓடுகின்றது. உறக்கத்துக்குப் பின் விரைவு வந்தால் அது விடியல்தான் என்று மனம் தானாகவே நிரப்பிக்கொள்கின்றது. மாணவர்களுக்கு இதனை ஒலிக்கச் செய்து, தலைப்பு மட்டும் கூறி, கடைசிப் பகுதி எதனைக் குறிக்கின்றது என்று கேட்டபொழுது, ஒருவர் தவிர அனைவரும் விடியல் என்றனர். அந்த ஒருவர், “அப்படியானால் ஏன் இவ்வளவு பதற்றம்?” என்று கேட்டார். அது சரியான கேள்வி. இப்பகுதி ஜி மைனரிலேயே தொடங்கி ஜி மைனரிலேயே முடிகின்றது. முடிவில் மேஜருக்குத் திரும்பி ஒளி காட்டுவது அக்காலத்தில் எவரும் அறிந்த எளிய வழி. விவால்டி அவ்வழியில் செல்லவில்லை.

விடியலைக் காட்ட வேண்டுமென்று விரும்பியபொழுது அவர் அதனை வெளிப்படையாகவே எழுதினார் என்பதற்குச் சான்று உண்டு. இதே ‘இரவு’ என்னும் தலைப்பில் பசூனுக்கு அவர் இயற்றிய கான்செர்ட்டோ ஆர்.வி. 501 ஆகும். அதிலும் பேயுருக்கள் உண்டு, உறக்கம் உண்டு. அதன் கடைசிப் பகுதிக்கு ‘வைகறை எழுகின்றது’ எனப் பொருள்படும் தலைப்பை இட்டுள்ளார். அப்படைப்பின் சுருதியும் பி-ஃபிளாட் மேஜர். அங்கு எழும் காலை எவருக்கும் ஐயமின்றிப் புலனாகும்.

ஒரே தலைப்புடைய இரண்டனுள் ஒன்றில் விடியல் சொல்லப்பட்டிருப்பதால், மற்றதிலும் அதனை வருவித்துக்கொள்ளலாமே என்று வாதிடலாம். உரையாசிரியர்கள் ஓரிடத்துச் சொன்னதைப் பிறிதோரிடத்துக்கும் கூட்டி உரைப்பதைப் போன்றது இது. அச்சிடும்பொழுது தலைப்பு விடுபட்டிருக்கலாம் என்றும் சொல்லலாம். ஆனால் விடுபாடு என்று கொள்வதற்குத் தடையாக, ஆர்.வி. 104 கையெழுத்துப் படியிலும் கடைசிப் பகுதி தலைப்பின்றியே உள்ளது. இசையும் அவ்வாதத்துக்கு ஒத்துழைக்கவில்லை. வருவித்துக்கொள்ளும் பொருள் மூலத்தோடு முரண்படாதிருக்க வேண்டும் என்பது உரைநெறி. இங்கே சுருதி முரண்படுகின்றது.

ஆகவே இந்த அல்லெக்ரோவை நான் பேயுருக்களின் மீள்வருகையாகவும் கேட்பதில்லை, வைகறையாகவும் கேட்பதில்லை. உறக்கத்தில் அமிழ்ந்த குழல் விழித்தெழுந்து, தனக்கு விதிக்கப்பட்ட கான்செர்ட்டோ வேலையைச் செய்து முடிக்கின்றது. வெளியே இன்னும் இருட்டாக இருக்கின்றது. சில குழுவினர் இப்பகுதியை மகிழ்ச்சியான ஓட்டமாக விரைந்து வாசித்து, இறுதிச் சுரங்களை ஓங்கி அறைந்து முடிக்கின்றனர். கைதட்டலுக்கு அது உதவும். விரைவைச் சற்றே அடக்கி, ஜி மைனரின் மங்கலை இறுதிச் சுரம் வரை விடாமல் வாசித்தால், ‘இல் சொன்னோ’வின் நெடுஞ்சுரங்கள் இன்னும் காதில் நின்றுகொண்டிருக்கும்பொழுதே படைப்பு முடிந்துவிடும்.